ஐந்து மணி நாற்பத்தெட்டு நிமிடம்

திருச்செங்கோடு
11-1-1981

1981 ஜனவரி 10, சனிக்கிழமை, மாலை 5 மணி 48 நிமிடம். நம் கல்லூரி 41, சேலத்துக்காரர்கள் 39. ஆட்டம் முடியும்போது 6 மணி 7 நிமிடம். நம் கல்லூரி 45, சேலத்துக்காரர்கள் 62.

தோமினிக் சார் அவர்களுக்கு, உங்கள் பழைய மாணவன் சின்னண்ணன் எழுதுவது. கடைசிப் பத்தொன்பது நிமிடத்தில் நாம் போட்டது நான்கு, வாங்கியது இருபத்து மூன்று. கூடைப்பந்தில் தோற்பது தப்பில்லை. இப்படித் தோற்பதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்தாக வேண்டும்.

நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று போன வருஷம் நீங்கள் சொன்னீர்கள். வைக்கவில்லை. ரோட்டோரம் கம்பி வேலிக்கு வெளியே நின்று, கடிகாரமும் நோட்டுமாக எழுதினேன். போர்வெல் போடும் ரிக் வேலையிலிருந்து பொங்கல் லீவில் வந்திருக்கிறேன். பொழுது போகவில்லை.

மூன்று ஆட்டம் பார்த்தேன். ஜனவரி 3-ஆம் தேதியும் இதே கதைதான். 5.48 வரை சமமாக ஆடி, பிறகு பதினெட்டுப் புள்ளியில் தோல்வி. பையன்களுக்கு மூச்சு போதவில்லை, ஓடவிட வேண்டும் என்று நீங்கள் கத்தியது வேலி வரை கேட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 7-ஆம் தேதி நடுவர் தாமதமாக வந்து ஆட்டம் 5.20-க்குத்தான் தொடங்கியது. அன்றைக்கு முதல் பாதியிலேயே, 5.48-க்கு மேல், அணி பொத்தென்று விழுந்தது. ஆடத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை! களைப்புக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது சார்.

போன மாதம் சேலத்தில் காலை பத்து மணிக்கு ஆடிய ஆட்டத்தில் இரண்டே புள்ளியில் தோற்றதாகக் கேப்டன் வெள்ளியங்கிரி சொன்னான். அதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே, பையன்களைப் போட்டு ஓட வைப்பதை நிறுத்துங்கள். 5.48-க்கு என்ன நடக்கிறது என்று கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதியிருப்பேன்.

நலம். நலமறிய ஆவல்.

சின்னண்ணன், டி.எம்.இ.


கல்லூரிக் குடியிருப்பு
13-1-1981

திரு. சின்னண்ணன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் மாணவர்கள் பதினைந்து பேர் முன்னால், "நீங்க கோச் இல்லீங்க சார், விசில் ஊதற ஆளு" என்று சொன்னவர் தாங்கள். அந்த வார்த்தையை அந்தப் பதினைந்து பேரும் இன்னும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. இப்போது வேலிக்கு வெளியே நின்று கணக்கு எழுதி அனுப்புகிறீர்கள்.

தாங்கள் மெக்கானிக்கல் டிப்ளமா படித்து, பாறையில் துளை போடுகிறவர். பாறைக்கு மனசு கிடையாது. என் பையன்களுக்கு உண்டு. ஜெயிக்கிற நேரம் வந்ததும் பயந்துபோகிறார்கள். பதினொரு ஆட்டம் தொடர்ந்து தோற்றவனுக்கு ஜெயிக்கப் போகிறோம் என்றாலே பந்து கையில் நிற்காது. இதற்கு மருந்து மணிக்கூண்டில் இல்லை.

தாங்கள் அறியாத விஷயம் ஒன்று. டிசம்பர் கடைசியில் கல்லூரிச் செயலாளர் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பிப்ரவரி முடிவதற்குள் மூன்று ஆட்டமாவது ஜெயிக்காவிட்டால் மார்ச்சோடு என் வேலை முடிகிறது. கூடைப்பந்து மைதானம் சைக்கிள் ஸ்டாண்டு ஆகிறது. ஒன்பது வருஷமாக நான் தற்காலிகம். என் மனைவி இன்னாசிமேரி அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். ஜெபத்துக்கா, என் கண்ணில் படக் கூடாது என்றா, நான் கேட்கவில்லை.

ஆகையால் எனக்கு நேரம் குறைவு. தயவுசெய்து இனி எழுத வேண்டாம். பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
அ. தோமினிக், உடற்கல்வி இயக்குநர் (தற்காலிகம்)

பி.கு: இன்று மாலைப் பயிற்சியில் எதேச்சையாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். 5.50. பொன்னன் கையில் வந்த பந்தை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.


ரிக் முகாம், தோன் அருகில், கர்னூல் ஜில்லா
24-1-1981

சார்,

எழுத வேண்டாம் என்றீர்கள். பி.கு. எழுதியது யார்? அதற்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் வேலை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் கடிதத்தைக் கொஞ்சம் பதவிசாக எழுதியிருப்பேன். எழுதியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

இங்கே ஒவ்வொரு ராடு பூமிக்குள் இறங்கும்போதும் மணி எழுதிவைக்கிறோம். இருபது அடிக்கு ஒரு ராடு. போன வாரம் தினமும் பதினோரு மணிக்கு மேல் வேகம் குறைந்தது. பாறை கெட்டி என்றார் முதலாளி. நான் நோட்டைக் காட்டினேன். எந்த ஆழத்தில் இருந்தாலும் பதினோரு மணிக்குத்தான் குறைகிறது. ஆகவே கோளாறு பூமிக்குள் இல்லை, மேலே. வெயில் ஏறியதும் கம்ப்ரசர் சூடாகிறது. மேலே ஒரு தார்ப்பாய் கட்டினோம். சரியாகிவிட்டது.

உங்கள் பையன்களும் அப்படித்தான். கோளாறு அவர்களுக்குள்ளே இல்லை. அவர்கள் மனசை விடுங்கள், இடத்தைப் பாருங்கள். சூரியன் கண்ணில் அடிக்கிறதா? அடித்தால் எதிரணிக்கும்தானே அடிக்கும். மைக் செட் பாடுகிறதா? எதிரே ஏதாவது கடை திறக்கிறதா? யாராவது வந்து நிற்கிறார்களா? பொன்னன் ரோட்டைப் பார்த்தான் என்றால் ரோட்டில் என்ன இருந்தது? அவனையே கேளுங்களேன், இது பெரிய காரியமா?

அவசரம். உங்களுக்குப் பிப்ரவரிதான் இருக்கிறது, அதிலும் இருபத்தெட்டே நாள்.

சின்னண்ணன்


கல்லூரிக் குடியிருப்பு
9-2-1981, காலை

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

முதலில் இதைப் படி. சனிக்கிழமை நாமக்கல்காரர்களை 48-44-இல் ஜெயித்தோம். பன்னிரண்டு தோல்விக்குப் பிறகு முதல் வெற்றி. இன்னாசிமேரி தெருவிலேயே நின்று அழுதாள், பக்கத்து வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நாலு பேர் ஓடிவந்துவிட்டார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பொன்னனைக் கேள் என்றாய். கேட்பது பெரிய காரியமா என்றும் எழுதினாய். நீ இந்த ஊர்க்காரன்தானே? ஒருவாரம் கேட்டேன். "ஏதாச்சும் கஷ்டமாடா?" "ஒண்ணுமில்லீங்க சார்." "ஒடம்பு சரியில்லையா?" "நல்லாத்தானுங்க இருக்குது சார்." நான் சேலத்தில் வளர்ந்தவன். அங்கே பையன்கள் கஷ்டம் இருந்தால் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து சண்டை போடுவார்கள். இவர்கள் எதைக் கேட்டாலும் "சரிங்க சார்". ஒன்பது வருஷமாக அதை நான் கீழ்ப்படிதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 4-ஆம் தேதி ஆட்டம் பத்தொன்பது புள்ளியில் போனது. மறுநாள் பயிற்சியில் பந்தைப் பார்க்காமல், நீ சொன்னபடி இடத்தைப் பார்த்தபடி நின்றேன். 5.46. மல்லசமுத்திரம் போகிற பஸ் வேலியை ஒட்டி ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. என் அணியில் நாலு பேர் தலை ஒரே நேரத்தில் திரும்பியது.

அந்த பஸ் 6.15-க்குத் திரும்பிப் போகிறது. அந்த ஊர்களுக்கு அதுதான் கடைசி. விட்டால் ஒன்பது மைல் நடை. ஆட்டம் முடிந்து, உடை மாற்றி, பஸ் ஸ்டாண்டு வரை ஓட அவர்களுக்கு மிஞ்சுவது சில நிமிடம். நான் ஒரு டைம் அவுட் கேட்டால் அதுவும் போச்சு. டைம் அவுட்டில் என்னை எதிரி மாதிரிப் பார்ப்பார்கள். தோற்கிற வெட்கம் என்று நினைத்தேன். நீ பார்த்த ஜனவரி 7-ஆம் தேதி, ஆட்டம் முடிய 6.40. நாலு பேரும் நடந்தே போயிருக்கிறார்கள். மறுநாள் காலைப் பயிற்சிக்கு நேரத்துக்கு வந்தார்கள். சுறுசுறுப்பு போதவில்லை என்று நான் பத்துச் சுற்று ஓடவிட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பொன்னனைத் தனியாகப் பிடித்தேன்.

"பஸ்ஸாடா?"

தலையைக் குனிந்துகொண்டான். "ஏழு மணிக்குத்தானுங்க சார் மோட்டாருக்குக் கரண்ட்டு உடறாங்க. ரெண்டு மணி நேரந்தான். அப்பா ஒருத்தரே மடை திருப்ப முடியாதுங்க. நான் போய்த்தான் தண்ணி கட்டோணும்."

"ஏன்டா இத்தனை நாளாச் சொல்லல?"

"நீங்க ஆட்டத்துக்குன்னு உசுரக் குடுத்துக் கத்திக்கிட்டு இருக்கறீங்க. அப்பப் போயி பஸ்ஸுன்னு சொன்னா மருவாதையா இருக்குமுங்களா?"

செயலாளர் கோழிப் பண்ணை வைத்திருப்பது உனக்குத் தெரியும். அவருடைய முட்டை வண்டி சாயங்காலம் 6.25-க்கு நம் கல்லூரி வழியாக மல்லசமுத்திரம் போய்ச் சேலம் போகிறது. பஸ் ஊர் ஊராக நின்று போகும். இது நிற்காமல் போவதால் கரண்ட்டுக்கு முன்னால் போய்விடலாம். டிரைவர் ரங்கனிடம் கெஞ்சினேன். "மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னை உரிச்சுப்போடுவாருங்க" என்றான். பிறகு, "செரி, ஏத்தி உடுங்க" என்றான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் பையன்களிடம் வண்டி உண்டு என்று சொன்னேன். 5.46-க்கு பஸ் போனது. ஒரு தலையும் திரும்பவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் வேலியோரம் நின்றாயே, ரோட்டுக்கு முதுகைக் காட்டித்தானே நின்றாய்? மூன்று நாளும் அந்த பஸ் உன் முதுகை உரசிக்கொண்டுதான் போயிருக்கிறது, டி.எம்.இ.

இன்று சாயங்காலம் நானும் அந்த வண்டியில் போகிறேன். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டால் ரங்கன் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது.

அன்புடன்,
தோமினிக்


ரிக் முகாம், தோன்
17-2-1981

சார்,

கடிதம் கிடைத்தது. முகாமில் எட்டுப் பேருக்கும் வாசித்துக் காட்டினேன். முதுகை உரசிய பஸ் வரை வாசித்திருக்கக் கூடாது. இப்போது நான் எங்கே நின்றாலும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.

ஆனால் நான் சொன்னது சொன்னதுதானே? நேரம்! மனசு இல்லை, பயம் இல்லை. ஒரு பஸ். அதை எடுத்தோம், அணி ஓடுகிறது. தார்ப்பாய் கட்டியதும் கம்ப்ரசர் ஓடியது மாதிரி.

இன்னும் இரண்டு வெற்றி வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாதிக் கணக்கு, முழுக் கணக்கு, மணியோடு எழுதிவையுங்கள். பழைய ஸ்கோர் ஷீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.

சின்னண்ணன்


கல்லூரிக் குடியிருப்பு
3-3-1981

அன்புள்ள சின்னண்ணனுக்கு,

பிப்ரவரி முடிந்தது. வண்டி வந்த பிறகு ஆடிய ஐந்து ஆட்டத்தில் நாலு வெற்றி. தோற்ற ஒன்றும் ஒரே புள்ளியில். இன்னாசிமேரி மாதா படத்துக்குப் பின்னால் இருந்து செயலாளர் கடிதத்தை எடுத்து அடுப்புப் பற்றவைக்கப் போனாள். வேலை இன்னும் உறுதியாகவில்லை, வை என்று வாங்கி வைத்தேன்.

உறுதியாகாததற்குக் காரணம் உண்டு. செயலாளர் கூப்பிட்டனுப்பினார். வாயெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா தோமினிக், என்ற முட்டை என்ன வேலை செய்யுதுன்னு!" பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பையன்களுக்கு ஆளுக்கு இரண்டு முட்டை தன் பண்ணையிலிருந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார். வெற்றிக்கு அதுதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "என்ன பண்ணி அணியைத் தூக்கி நிறுத்தினோம்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இருபதாம் தேதி கமிட்டியில படிச்சுப்போட்டு, உங்களைப் பர்மனென்ட் ஆக்கிரலாம்."

முட்டை என்றே எழுதப் போகிறேன்.

நீ குதிப்பாய் என்று தெரியும். வண்டியைப் பற்றி எழுதினால் ரங்கன் வேலை போகும். அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். செயலாளருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. முட்டை என்று எழுதினால் யாருக்கு நஷ்டம்? அவருக்குச் சந்தோஷம், எனக்கு வேலை.

இன்னொன்று. நீ பஸ் பஸ் என்கிறாய். எனக்கு அது மட்டும்தான் என்று தோன்றவில்லை. அந்த வண்டியில் பின்னால் உட்கார இடம் கிடையாது. முட்டைத் தட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால்தான் உட்காரலாம். மல்லசமுத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மைல் ரோடு குண்டும் குழியும். எல்லோரும் ஆளுக்கு இரண்டு தட்டை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போவோம். நான் ஏறிய முதல் நாள் அந்த இடத்தில் பொன்னன் வாயைத் திறந்தான்.

"சார், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுடா."

"நீங்க சொல்லிக்குடுத்த ஆட்டத்துல எல்லாப் பந்தும் வெள்ளியங்கிரி அண்ணனுக்கே போவுதுங்க. அவரை எப்பவும் ரெண்டு பேர் மறிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இடது மூலையில நான் சும்மாதானுங்க நிக்கறேன்."

வெள்ளியங்கிரி திரும்பிப் பார்த்தான். "டேய், ரெண்டு வருசமா மூச்சுத் திணறுதுடா எனக்கு. இப்பத்தான் சொல்றயா?"

"இதை ஏன்டா மைதானத்துல சொல்லல?" என்று நான் கேட்டேன்.

"மைதானத்துல வாத்தியாருக்கு எதுத்துப் பேச முடியுங்களா சார்? இங்கன்னா, மடியில முட்டை இருக்குது. நீங்க அடிக்கவும் முடியாதுங்களே."

வண்டியே சிரிப்பில் குலுங்கியது. ரங்கன் முன்னாலிருந்து, "அடேய், முட்டைடா, முட்டைடா!" என்று கத்தினான்.

மறுநாள் இடது மூலைக்குப் பந்து போனது. அதற்குப் பிறகு நான் தினமும் அந்த வண்டியில் போகிறேன், சேலம் வரை போய் ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறேன். தினமும் ஏதாவது சொல்கிறார்கள். புத்தகத்தில் இல்லாததெல்லாம் சொல்கிறார்கள். இதைக் கமிட்டியில் எப்படி எழுதுவது? ஆகவே முட்டை.

அன்புடன்,
தோமினிக்


ரிக் முகாம், பனகானபள்ளி அருகில்
10-3-1981

சார்,

முட்டை என்று எழுதாதீர்கள்.

பிப்ரவரி முதல் தேதியிலிருந்து முட்டை என்கிறீர்கள். 4-ஆம் தேதி பத்தொன்பது புள்ளியில் தோற்றோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் முட்டை தின்றுவிட்டு 5.48-க்கு விழுந்திருக்கிறார்கள். 6-ஆம் தேதி வண்டி பேசியாயிற்று, 7-ஆம் தேதி வெற்றி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

யாருக்கு நஷ்டம் என்று கேட்கிறீர்கள். அடுத்த வருஷம் ரங்கனுக்கு வேறு ரூட் போடுவார்கள். அல்லது வண்டி நேரம் மாறும். முட்டை மட்டும் தவறாமல் வரும். பையன்கள் மறுபடியும் ரோட்டைப் பார்ப்பார்கள், தோற்பார்கள். அப்போது செயலாளர் மூன்று முட்டையாக ஆக்குவார். அப்படியும் தோற்றால் குற்றம் யார் மேல் வரும்? வேலையும் போகும், மைதானமும் போகும். பொன்னனும் ராத்திரியில் ஒன்பது மைல் நடப்பான்.

நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் அந்த ஊர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. செயலாளர் முகத்துக்கு நேரே "இல்லீங்க" என்று சொல்ல உங்களால் முடியவில்லை. பொன்னனைக் கேட்டீர்களே, ஏன்டா சொல்லல என்று?

ஆகவே நானே செயலாளருக்கு எழுதிவிட்டேன். இன்று காலைத் தபாலில் போனது. இரண்டு பக்கம், ஒரு வரைபடம். பஸ், கரண்ட்டு, வண்டி, எல்லாம். ரங்கன் பேரும் இருக்கிறது. அவனை வைத்துத்தான் உங்கள் கல்லூரி ஜெயித்தது, அவனுக்கு ஒரு மாலை போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

திட்டுங்கள். பரவாயில்லை.

சின்னண்ணன்


கல்லூரிக் குடியிருப்பு
22-3-1981

சின்னண்ணா,

உன் 10-ஆம் தேதிக் கடிதம் 16-ஆம் தேதி வந்தது. அன்றிலிருந்து நாலு நாள் நானும் இன்னாசிமேரியும் சரியாகச் சாப்பிடவில்லை. ரங்கனிடம் போய்ச் சொன்னேன். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "அந்த இஞ்சினியரு ஊருக்கு வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்த பிறகு உன்னைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. வைத்திருக்கிறேன்.

20-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. கமிட்டியில் ஏழு பேர். என்னையும் ரங்கனையும் வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே உன் கடிதத்தைப் படித்தார்கள். முட்டை என்று நான் எழுதிய பக்கம் என் சட்டைப் பையில் இருந்தது. முதலில் ரங்கனைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"என்ற வண்டியிலயா பசங்களை ஏத்திப் போற?" செயலாளர் குரல்.

"ஆமாங்க."

"எத்தனை பேரு?"

"நாலு பசங்களும் சாருமுங்க."

"முட்டை மேலயா உக்காந்து போறாங்க?"

"மேல இல்லீங்க. மடியில வச்சிருக்காங்க."

  ரங்கன் அப்போதுதான் அதைச் சொன்னான். எனக்கே தெரியாத விஷயம்.

"ஒடைசல் நோட்டைப் பாருங்க மொதலாளி. முன்னால ஒரு நடைக்கு நாப்பது, அம்பதுன்னு ஒடையுங்க. அந்தக் குழி ரோட்டுலதான் ஒடையும். இந்தப் பசங்க ஏறுனதுல இருந்து பத்து, பன்னண்டுக்கு மேல போனதில்லீங்க. எறங்கறதுக்கு முன்னால தட்டைக் கட்டி வச்சுட்டுத்தான் எறங்குவாங்க. அதுக்கு மேல நல்ல ரோடுங்க."

பண்ணையிலிருந்து உடைசல் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் செயலாளர். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரமும் நானும் ரங்கனும் வாசலில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நோட்டு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். பிப்ரவரி 6 வரை ஒரு மாதிரி, 7-இலிருந்து வேறு மாதிரி.

"ஏனுங்க தோமினிக், உள்ள வாங்க." போனேன். "இதை ஏன் நீங்க எங்கிட்டச் சொல்லல?"

 பொன்னன் சொன்னதையே சொன்னேன். "ஐயா முட்டை முட்டைன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. அப்பப் போய் எப்படிங்க ஐயா சொல்றது?"

ஏழு பேரில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. செயலாளர் கடைசியில் சிரித்தார். ஆனால் சிரித்தார். "ஆனாலும் முட்டையும் ஒரு காரணந்தான்" என்றார். ஆமாங்க ஐயா என்றேன். அந்த ஒரு பொய்யை எனக்கு விட்டுக்கொடு.

பர்மனென்ட் ஆர்டரில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். மைதானத்தைச் சைக்கிள் ஸ்டாண்டு ஆக்கும் பேச்சு இல்லை. வண்டி அடுத்த வருஷமும் இதே நேரம், இதே ரூட் என்று கமிட்டி மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. ரங்கன் பேரும் ஏறிவிட்டது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே மனசில்லை. ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன் என்று தோன்றியது. ரங்கன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். "இஞ்சினியரு நல்லவருதானாட்ட இருக்குது" என்றான்.

நீ கேட்ட ஸ்கோர் ஷீட்டுகள் எல்லாவற்றையும் இதோடு அனுப்புகிறேன். பஸ் மட்டும்தான் காரணம் என்று இன்னமும் சொல்வாய். பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
தோமினிக்
உடற்கல்வி இயக்குநர்


ரிக் முகாம், பனகானபள்ளி
2-4-1981

சார்,

ஆர்டர் வந்த செய்தியைப் படித்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். முதலாளி இல்லாத நேரம். ராடு நோட்டில் நாற்பது நிமிடம் காலியாக இருக்கிறது, என்ன காரணம் எழுதுவது என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன்: 10-ஆம் தேதி அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறு நிமிடமே தபால்காரரிடம் ஓடினேன். திரும்பக் கேட்டேன். தரவில்லை. தெலுங்கில் நன்றாகத் திட்டினார்.

ஸ்கோர் ஷீட்டுகளை மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தேன். 5.48-க்குப் பிறகு வருகிற சரிவு பிப்ரவரி 7-இல் நின்றுவிட்டது. அது பஸ். அதில் பேச்சே இல்லை.

ஆனால் முதல் பாதியில் நாம் போட்ட புள்ளி. ஜனவரி 3-இல் 22. ஜனவரி 10-இல் 22. பிப்ரவரி 4-இல் 21. வண்டி வந்த பிப்ரவரி 7-இலும் 22தான். 11-ஆம் தேதி 29. பிறகு 31, 30, 33. முதல் பாதி நடப்பது ஐந்து மணிக்கு. ஐந்து மணிக்கு எந்த பஸ்ஸும் கிடையாது, எந்தப் பயமும் கிடையாது. ஆகவே இந்த ஏற்றத்துக்கு பஸ் காரணமாக இருக்க முடியாது. முட்டையாகவும் இருக்க முடியாது, அது முதல் தேதியே வந்துவிட்டது. 7-க்கும் 11-க்கும் நடுவில் என்ன மாறியது என்று உங்கள் கடிதங்களை எடுத்துத் தேடினேன். 9-ஆம் தேதி மாலை நீங்கள் வண்டியில் ஏறினீர்கள். வேறொன்றும் மாறவில்லை.

பஸ் கவலை போனதால் சரியாமல் நின்றோம். தொடர்ந்து ஜெயித்தது அந்தக் குழி ரோட்டில். உங்கள் கணக்குதான் சரி. நான் சொன்னது பாதிதான்.

இனி நான் செய்யப் போவது:

1. ஜூன் மழைக்கு ரிக் ஊர் திரும்பியதும், வீட்டுக்குப் போகும் முன் ரங்கனைப் பார்ப்பது. அவர் என்னைத் திட்ட நினைத்ததை நின்று கேட்டுக்கொள்வது.

2. விசில் ஊதுகிற ஆள் என்று எந்தப் பதினைந்து பேர் முன்னால் சொன்னேனோ, அவர்களில் இன்னும் படிக்கிறவர்கள் முன்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது.

3. வண்டியில் ஒருநாள் மல்லசமுத்திரம் வரை போவது. தட்டு பிடித்துக்கொள்வேன். நோட்டு கொண்டுவர மாட்டேன்.

4. பொன்னன் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது. இதுதான் கஷ்டம்.

5. இந்தக் கடிதத்தை மறுபடி படிக்காமல் ஒட்டி, இப்போதே போய்ப் பெட்டியில் போடுவது. படித்தால் "உங்கள் கணக்குதான் சரி" என்ற வரியை அடித்துவிடுவேன்.

சின்னண்ணன்